மறைத்துக் கொடுப்பதா, தனியே வைப்பதா?

புதிய உணவை ஏற்க மறுக்கும் பிள்ளைக்குக் காய்கறி கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. கேரட்டை அரைத்து, பிள்ளை விரும்பும் உணவில் தெரியாமல் கலந்துவிடலாம். சத்து அன்றைக்கே உள்ளே போகும். ஆனால் மணமும் தொடுவுணர்வும் கூர்மையாக உள்ள குழந்தை சிறு மாற்றத்தையும் கண்டுபிடித்துவிடும். அதுவரை நம்பிச் சாப்பிட்டதையும் ஒதுக்கிவிடக்கூடும். எனக்கு இதுதான் பெரிய பயம்.

தட்டில் தனியே வைப்பது மெதுவான வழி. பழகிய உணவு ஒரு பக்கம். அதோடு ஒட்டாமல் புதியது ஒரே ஒரு துண்டு. தொடட்டும், முகரட்டும், சாப்பிடாமலே எழுந்து போகட்டும். 10, 15 முறை பார்த்த பிறகே சில குழந்தைகள் வாயில் வைக்கும். மொறுமொறுப்பு பிடித்த பிள்ளைக்கு முதலில் வறுத்த உருளைக்கிழங்கு, பிறகு அதே வடிவில் நறுக்கி வறுத்த கேரட் என்று நகரலாம். நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

கலந்தே ஆக வேண்டுமென்றால், பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கலக்குங்கள். எடை குறைந்தாலோ, ஏற்கும் உணவுகள் சுருங்கிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.