ஒத்துப்போகாத தலைவருக்காக ஜெபிக்க ஒரு புத்தகம்: எபிஸ்கோப்பல் சபையின் 1979 பதிப்பு

வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் 820-ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இங்கிலாந்து திருச்சபை (ஆங்கிலிக்கன்) வழிவந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் பொது ஜெப புத்தகத்தில், ஜனாதிபதிக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஏறெடுக்கும் ஜெபம் அங்கே இருக்கிறது. தேவசித்தத்தை அறியவும் செய்யவும் ஞானமும் பெலனும், சத்தியத்தின் மேலும் நீதியின் மேலும் அன்பு, இந்த ஜனத்துக்கு ஊழியம் செய்யவே அழைக்கப்பட்டோம் என்கிற நினைவு: அவருக்காகக் கேட்பது இவ்வளவுதான். அவர் திட்டம் வாய்க்கவேண்டும், மறுபடி ஜெயிக்கவேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. புகழ்ச்சியும் இல்லை. அவருக்கு ஓட்டுப் போட்டவரும் போடாதவரும் ஒரே பெஞ்சில் நின்று, மனச்சாட்சி உறுத்தாமல் ஆமென் சொல்லலாம். புத்தகத்தின் பெரிய பலம் இதுதான்.

இந்தச் சபை பிறந்ததே இப்படியொரு சிக்கலில்தான். அமெரிக்கா சுதந்திரத்தை அறிவித்த 1776 ஜூலை 4 அன்று பிலடெல்பியா கிறைஸ்ட் சர்ச் கமிட்டி கூடி, இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கான ஜெபங்களை ஆராதனையிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. அங்கிருந்த ஆங்கிலிக்கன் குருமாரோ, குருப்பட்டம் பெறும்போது அதே மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்கள்.

ஞாயிறு ஆராதனைக்கான மன்றாட்டுகளில்தான் குறை தெரிகிறது. எந்தெந்த விஷயங்களுக்காக மன்றாட வேண்டும் என்று 383-ஆம் பக்கம் ஆறைச் சொல்கிறது. நாடும் அதிகாரத்திலுள்ளோரும் அதில் ஒன்று. அடுத்து வரும் ஆறு மாதிரிகளில் முதலாவது ஜனாதிபதியை நேராகக் குறிப்பிடுகிறது. மூன்றாவது, ஆளுகிற எல்லாரையும் பொதுவாகச் சொல்லி முடிக்கிறது. ஐந்தாவதில் பெயர் சேர்க்க அடைப்புக்குறி விட்டிருக்கிறார்கள். இரண்டு, நான்கு, ஆறு மூன்றிலும் ஆளுகிறவர் என்ற பேச்சே கிடையாது. ஆறாவதில் இருப்பது நீதிக்கும் சமாதானத்துக்கும் உழைப்பவர்களுக்கான வேண்டுதல். அதைக் கேட்கும் ஒவ்வொருவரும் தன் கட்சிக்காரரைத்தான் நினைத்துக்கொள்வார். ஆறாவதையே வருஷம் முழுக்க வாசிக்கும் சபை, தனக்குப் பிடிக்காத தலைவருக்காக ஒரு தடவைகூட ஜெபிக்காமல் இருந்துவிட முடியும். இடைச்சேர்க்கைக்கு 383-ஆம் பக்கமே அனுமதி தருகிறது. ஆளுகிறவரைச் சொல்லாத மாதிரிகளில் ஒரு வரி சேர்த்தே ஆகவேண்டும்.

அப்படிச் சேர்க்கும்போதுதான் அதிகம் கெட்டுப்போகிறது. "இன்ன சட்டத்தைத் தடுத்தருளும்" என்று தொடங்கினால், ஜெபிப்பவர் ஆண்டவரை விட்டுவிட்டுச் சபையாரிடம் பேச ஆரம்பித்துவிடுவார். பாதிப்பேர் ஆமென் சொல்லமாட்டார்கள். அந்தச் சட்டத்தால் அடிபடுகிறவர்களை, துன்பப்படுவோருக்கான பகுதியில் வெளிப்படையாகச் சொல்லி மன்றாடுங்கள். அந்தப் பகுதி தனியாக இருப்பது அதற்குத்தான்.

பெயர் சொல்வதா வேண்டாமா? டிரம்ப் முதல் முறை பதவியேற்ற சமயத்தில், கலிபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஆல் செயின்ட்ஸ் சபை ஜனாதிபதியின் பெயரைச் சொல்வதை நிறுத்தியது. அந்தப் பெயரே சிலருக்குக் காயத்தைக் கிளறுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பதவியை மட்டும் சொல்வதில் பிழையில்லை. ஆனால் முந்தினவர் பெயரைச் சொல்லிவிட்டு இவர் பெயரை விட்டால், மௌனமே கட்சிப் பேச்சாகிவிடும். எல்லாருக்கும் ஒரே முறை வையுங்கள். தனி ஜெபத்தில் பெயர் கட்டாயம் வேண்டும். பெயரில்லாவிட்டால் மனம் "அதிகாரத்திலுள்ளோர்" என்ற மூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு குறை: இந்த ஜெபங்களில் முறையீட்டுக்கு இடமில்லை. கோபத்தோடு வருகிறவர் அதை எங்கே இறக்கிவைப்பார்? அதே புத்தகத்திலுள்ள சங்கீதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 82-ம் 146-ம் பொருந்தும். 109-ல் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2009-இல் ஒபாமாவுக்காக ஜெபியுங்கள் என்று எழுதி, சங்கீதம் 109:8-ஐக் குறித்த ஸ்டிக்கர்கள் கார்களில் ஒட்டப்பட்டன. "அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்" என்பது அந்த வசனம். அடுத்த வசனம் அவன் மனைவி விதவையாகக் கேட்கிறது. அது சாபம். அதற்கு ஜெபம் என்று பெயர் வைப்பது தகாது. புத்தகத்தின் தினசரி வாசிப்பு அட்டவணையும் அந்தப் பகுதியை அடைப்புக்குறிக்குள் வைத்து, விட்டுவிட இடம் தருகிறது.

பயன்படுத்தும் வரிசை: முதலில் சங்கீதம் 82. அடுத்து 816-ஆம் பக்கத்தில் சத்துருக்களுக்கான ஜெபம். "அவர்களையும் எங்களையும்" பகையிலிருந்தும் கொடுமையிலிருந்தும் பழிவாங்கலிலிருந்தும் விடுவிக்கக் கேட்கிறது. "எங்களையும்" என்பதை விழுங்கிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு பெயரைச் சேர்த்து 820-ஆம் பக்கம். கூட்டமாக ஜெபித்தால், 821-இல் தொடங்கும் நல்லாட்சிக்கான ஜெபத்தையும் சேர்க்கலாம். சபையார் பதில் சொல்லும்படி அமைந்தது, கடைசி வேண்டுதல் வாக்காளர்களாகிய ஜனங்களுக்கானது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷத்துக்குள் முடியும்.

புத்தகத்துக்குக் காப்புரிமை இல்லை; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுப் பிரதி சர்ச் பப்ளிஷிங் வெளியீடு. எந்த அளவுப் பிரதியானாலும் பக்க எண் மாறாது. நம் ஊரில் பயன்படுத்துகிறவர்கள் 820-ஆம் பக்கத்தில் ஒன்றைத் திருத்தவேண்டும்: அங்கே சொல்லும் ஜனாதிபதியும் கவர்னரும் அவர்கள் ஊரில் ஓட்டு வாங்கி ஆளுகிறவர்கள், நமக்கு அந்த இடத்தில் வரவேண்டியவர்கள் பிரதமரும் முதலமைச்சரும்.