காரில் காட்டி டிராக்டருக்கு விற்ற ஸ்கேனர்: 46,000 ரூபாய் போனது

மாதவரத்தில் லாரி, டிராக்டர் பழுதுபார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கும் நான், சென்ற வாரம் வண்டியின் பழுதைப் படித்துச் சொல்லும் ஒரு ஸ்கேனருக்கு 46,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பட்டறைக் கருவிகள் விற்கும் கடை அது. கார், லாரி, டிராக்டர், பொக்லைன் அனைத்துக்கும் இந்த ஒன்றே போதும் என்ற கடைக்காரர், நான் தயங்குவதைக் கண்டு, வாசலில் நின்ற என் காரிலேயே மாட்டிக் காட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த 16 பின் சாக்கெட்டின் தூசியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு அவர் செருகியதும், என் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பழுதுக் குறியீடுகள் திரையில் வரிசையாக வந்தன. "நம்பி எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார், நம்பினேன். கார்களில் புகை தொடர்பான குறியீடுகள் பொதுத் தரத்தில் இருப்பதால் ஆயிரம் ரூபாய்க் கருவியே அவற்றைப் படித்துவிடும் என்பது, இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மறுநாள் பொன்னேரிப் பக்கத்திலிருந்து, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ட்ரெம் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்யப்பட்ட டிராக்டர் ஒன்று, டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிய வந்து நின்றது. 9 பின் கேபிள் பொருந்தியது. எந்த பாகம் என்று சொல்லும் எஸ்பிஎன், என்ன வகைப் பழுது என்று சொல்லும் எஃப்எம்ஐ என்று விளக்கமில்லாத எண்களும் வந்தன. ஆனால் வடிகட்டியில் அடைந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் பொத்தானை அழுத்தினால் 'உரிமம் இல்லை' என்றது.

கடைக்காரர் முதலில் அப்டேட் வரும் என்றார். பிறகு இன்ஜினியர் விடுப்பில் இருக்கிறார் என்றார். நான்காம் நாள், விவசாய வண்டிகளுக்கு இன்னும் 22,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார். 46,000 ரூபாய் வாங்கும்போது இந்த வார்த்தை எங்கே போயிருந்தது? தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் வராது என்றும் மிரட்டினார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு அந்தச் சட்டம் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். ஆனால் கையில் இருப்பது துண்டுச்சீட்டுதான், ஜிஎஸ்டி பில் இல்லை. அது என் முட்டாள்தனம்.

எந்த வண்டிக்கு வாங்குகிறீர்களோ அந்த வண்டியிலேயே மாட்டிப் பாருங்கள். குறியீடு படிப்பதோடு விடாமல் ரீஜெனரேஷனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டு உரிமத் தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். டிராக்டர்காரர் காலையில் வண்டியை எடுக்க வருகிறார், விளக்கு இன்னும் எரிகிறது.