பியோகிராம் 4002: வாங்கலாமா என்று கேட்டவனுக்கு

போன கிழமை என் பழைய இசைத்தட்டுப் பிளேயர், டென்மார்க்கின் பாங் அன்ட் ஒலுஃப்சன் கம்பனி செய்த பியோகிராம் 4002, திருத்தவேலை முடிந்து வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே நண்பரின் மகன் ஒரு விளம்பரப் படத்தை அனுப்பி, "மாமா, இதே மொடல் விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமோ?" என்று கேட்டான். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இது.

வேகம், எடை எல்லாம் தேடினால் கிடைக்கும். 13 வருடமாக நான் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது அதன் கையை.

வழக்கமான பிளேயரில் ஊசிக்கை ஒரு மூலையில் ஊன்றி நின்று, வளைந்து வளைந்து உள்ளே வரும். ஆனால் இசைத்தட்டை வெட்டும் இயந்திரத்தில் ஊசி நேர்கோட்டில்தான் நகர்கிறது. வெட்டிய கோணம் ஒன்று, வாசிக்கும் கோணம் இன்னொன்று. 4002இல் கை முழுவதும் ஒரு தண்டின் மேல் நேராக நகர்கிறது. தட்டின் பள்ளம் ஊசியை மயிரிழை அளவு உள்ளே இழுத்ததும் ஒளியால் இயங்கும் உணரி அதைக் கண்டுகொள்ளும். சின்ன மோட்டார் ஒன்று கையை அந்த மயிரிழை அளவுக்கே நகர்த்தும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' எழுத்துகள் சீறுமே, என்னிடமுள்ள பழைய தட்டுகளில் அது நன்றாகவே அடங்கிவிட்டது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை உண்டு. அதில் ஊசி இல்லை, ஒளி உணரி மட்டும். சுழலும் மேடையில் கறுப்பு வரிகள் இருக்கின்றன. மேலே இசைத்தட்டு இல்லையென்றால் வரியும் வெளிச்சமுமாக மாறி மாறித் தெரியும். உடனே ஊசி இறங்காது என்று இயந்திரம் முடிவு செய்துவிடும். பேத்தி வெறும் மேடையில் பட்டனை அழுத்துவாள். கை போய்ப் பார்த்துவிட்டு, ஊசியை இறக்காமலே திரும்பி வரும். அவள் மறுபடி அழுத்துவாள். நானும் தடுப்பதில்லை.

இந்த யோசனை 1972இல் வந்த பியோகிராம் 4000இலேயே இருந்தது. 4002 இரண்டு வருடம் கழித்து வந்தது. உருவத்தை வடிவமைத்தவர் யாக்கோப் யென்சன். பாங் அன்ட் ஒலுஃப்சனுக்காக அவர் செய்தவற்றை நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1978இல் தனிக் கண்காட்சியாகவே வைத்தது. அழகான பெட்டி என்பதற்காக மட்டும் அது அங்கே போயிருக்காது என்பது என் எண்ணம். இரண்டு கைகளும் ஒரே அளவில், ஒன்றை ஒன்று ஒட்டி, நேராக நகர்வதால்தான் பெட்டியும் அப்படித் தட்டையாக, அமைதியாக இருக்கிறது. வேலையிலிருந்து பிறந்த அழகு அது.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் ஹெர்னிங்கிலிருந்து, கம்பனியின் ஊரான ஸ்ட்ரூயர் ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் இந்தக் கம்பனிக்கென்று தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். 1925இல் பீட்டர் பாங், ஸ்வென் ஒலுஃப்சன் என்ற இரண்டு இளம் பொறியியலாளர்கள், ஒலுஃப்சன் குடும்பத்தின் பண்ணை மாளிகைப் பரணில் தொடங்கியது. ரேடியோ பற்றரியில் ஓடிய காலத்தில் அதை வீட்டு மின்சாரத்தில் ஓடவைத்ததுதான் அவர்களின் முதல் வெற்றி. 1945 ஜனவரியில், போர் முடிய நாலு மாதம் இருக்கும்போது, நாஜிகளின் பக்கம் நின்ற நாசகாரக் கும்பல் தொழிற்சாலைக்குக் குண்டு வைத்துத் தகர்த்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். 2020இல், 95ஆவது வருடத்துக்காக, பழைய 4000களை மீட்டெடுத்து, ஸ்ட்ரூயரிலேயே புதுப்பித்து, சரியாக 95 மட்டும் விற்றார்கள். ஐம்பது வருடப் பழைய இயந்திரத்தைத் திரும்ப உயிர்ப்பிக்கலாம் என்று செய்தவர்களே காட்டியது எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, திருத்தவேலைக்கு வருவோம். கையை மெதுவாக இறக்கும் பகுதியில் கிரீஸ் இறுகிப்போயிருந்தது. இவ்வளவு வயதில் அது வரத்தான் செய்யும். ஆனால் கொடுத்த கடை ஐந்து மாதம் வைத்திருந்தது. போன் எடுத்தால் "அடுத்த கிழமை". கடைசியில் பார்சலில் அனுப்பினார்கள், உள்ளே தொங்கும் சட்டத்தை அசையாமல் பிடிக்கும் திருகுகளை இறுக்காமல்! பெட்டியைத் தூக்கியபோதே உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. சட்டம் கழன்று சரிந்து கிடந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து நானே சரிசெய்தேன். கிரீஸ் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் நாலு திருப்புத் திருப்ப நேரமில்லாதவர்களுக்கு இதைத் தொட என்ன உரிமை?

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்ற முடியாது, ஊசி பதிந்திருக்கும் சின்னப் பகுதியான கார்ட்ரிட்ஜையே முழுதாக மாற்றவேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் கார்ட்ரிட்ஜ் இதில் பொருந்தாது. நியூயோர்க் மாநிலத்திலுள்ள சவுண்ட்ஸ்மித் போன்றவர்கள் இதற்கென்று செய்து விற்கிறார்கள். மலிவில்லை.

ஆகவே தம்பி, வாங்காதே. உனக்கு இப்போது வேலை, பிள்ளை, வீட்டுக்கடன். இது நேரம் கேட்கிற சாமான். பாட்டுக் கேட்க ஆசையென்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வா.

வரும்போது அந்த விற்பனைக்காரரின் நம்பரைக் கொண்டுவா. கார்ட்ரிட்ஜ் நல்ல நிலையில் இருந்தால் நானே எடுக்கிறேன்.