‘கம்ப்ளீட் செட், 7 புத்தகங்கள்’ என்று போட்டிருந்தால் உஷார்

ஃபேன்டசி நாவல்களைப் பெட்டியோடு வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். கதை விவரங்கள் வரும், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடரை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியலுக்கு மூலக்கதை இதுதான். விளம்பரத்தில் ‘கம்ப்ளீட் செட், 7 புத்தகங்கள்’ என்று இருந்தது. இருந்தாலும், கதை இதிலேயே முடிந்துவிடுமா என்று மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். “ஆமா சார், மொத்தமே ஏழு பாகம்தான்” என்று பதில் வந்தது.

சூது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. மார்ட்டின் திட்டமிட்டது ஏழு நாவல்கள் என்பது உண்மை. ஆனால் வெளிவந்தவை ஐந்துதான். முதல் நாவல் 1996இல் வந்தது, ஐந்தாவதான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. நம் ஊரில் கிடைக்கும் பேப்பர்பேக் பெட்டியில் மூன்றாவது நாவலையும் ஐந்தாவது நாவலையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அவ்வளவு பக்கங்களை ஒரே அட்டைக்குள் அடக்க முடியாது, அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் பிரித்ததில் ஐந்து நாவல் ஏழு புத்தகமாகிவிடுகிறது. திட்டமும் ஏழு, பெட்டியிலும் ஏழு. விற்பவருக்கு இதைவிட வசதியான கணக்கு கிடைக்குமா?

விஷயம் தெரிந்து திருப்பி அனுப்பக் கேட்டபோது ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். பத்து நாளில் ஐயாயிரம் பக்கம் படித்து முடிக்கிறவர் யாராவது இருந்தால் அவருக்குத்தான் அந்த வசதி போலிருக்கிறது. “ஏழு புக் வந்துச்சுல்ல சார்?” என்று ஒரு கேள்வி வேறு.

முடியாத கதை என்று தெரிந்தே வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எழுத்து அபாரம், மறுக்கவே மாட்டேன். முதல் மூன்று நாவல்களை வைத்துவிட்டுத் தூங்கப் போவது கஷ்டம். மூன்றாவதற்குப் பிறகு கதையை ஐந்து வருடம் தாண்டவைத்து, அதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிட்டதாகக் காட்டுவதுதான் மார்ட்டினின் முதல் யோசனை. பிறகு அதைக் கைவிட்டார். அங்கிருந்துதான் இடிக்க ஆரம்பிக்கிறது. வளர்ந்த பிறகு செய்யவேண்டியதையெல்லாம் சின்னப் பிள்ளைகளே செய்தாக வேண்டும், இல்லையென்றால் சும்மா காத்திருக்க வேண்டும்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் போகும். 2005இல் வந்த நான்காவது நாவலில் முக்கியப் பாத்திரங்களான டைரியனுக்கும், டிராகன்களை வளர்க்கும் டெனேரிஸுக்கும் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. கதை நீண்டுவிட்டதால் பாதிப் பேரைத் தனியே எடுத்து அடுத்த நாவலுக்கு ஒதுக்கிவிட்டார். அடுத்த வருடமே அது வரும் என்று நம்புவதாகப் பின்குறிப்பும் எழுதினார். வந்தது ஆறு வருடம் கழித்து.

அதிலாவது எல்லோரும் வந்தார்களா என்றால், இல்லை. கதையின் மையமான ஸ்டார்க் குடும்பத்துப் பெண் சான்சா தலைகாட்டவே இல்லை. தொடரின் முதல் அத்தியாயமே யாருடைய பார்வையில் தொடங்கியதோ அந்தத் தம்பி ப்ரானுக்கு மூன்றே அத்தியாயங்கள். எனக்கு அதிகம் வருத்தம் ரிக்கன் விஷயத்தில். ஸ்டார்க் வீட்டுக் கடைக்குட்டி. இரண்டாவது நாவலின் கடைசியில் அண்ணன் ப்ரானைப் பிரிந்து போகிறான், அதோடு சரி. மூன்று நாவல் தள்ளி, அவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு தகவல் வருகிறது. அவனை அழைத்துவரும்படி டாவோஸ் என்ற பிரபுவிடம் சொல்கிறார்கள். அவர் கிளம்பினாரா, பையன் கிடைத்தானா, எதுவும் தெரியாது. ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த ஜான் ஸ்னோவின் கதையும் அவனைக் கத்தியால் குத்தும் இடத்தில் நின்றுவிடுகிறது, 2011இலிருந்து அப்படியே.

“சீரியலில்தான் முடிவு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ஆறாவது சீசனில் ரிக்கன் வருகிறான், ஒரு வசனம்கூடப் பேசாமல் செத்துப்போகிறான். நாவலில் இறந்தும் பழிவாங்கத் திரும்பிவரும் ஸ்டோன்ஹார்ட் சீரியலில் கிடையவே கிடையாது. 2019இல் வந்த கடைசி சீசன் ஆறே எபிசோட். நடுக்கடலில் எதிரிக் கப்பல்கள் ஒரு டிராகனை வீழ்த்துகின்றன. வானத்தில் பறக்கிற டெனேரிஸ் கண்ணில் அத்தனை கப்பலும் எப்படிப் படவில்லை? அந்தக் கப்பற்படையை அவள் மறந்துவிட்டாள் என்று தயாரிப்பாளர்களில் ஒருவரே விளக்கம் சொன்னார். அதற்கு மேல் என்ன கேட்பது!

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் புத்தக முதுகுகளை எண்ணாமல் அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். ‘ஸ்டீல் அண்ட் ஸ்னோ’, ‘பிளட் அண்ட் கோல்ட்’ இரண்டும் சேர்ந்து ஒரே நாவல். ‘ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்’, ‘ஆஃப்டர் த ஃபீஸ்ட்’ இரண்டும் அப்படித்தான். விற்பவரிடம் “ஆறாவது நாவல் பெட்டியில் இருக்கிறதா?” என்று மட்டும் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் அங்கே வாங்கவேண்டாம்.

என் விற்பனையாளர் கடைசியாக ஒரு யோசனை சொன்னார்: ‘ஃபயர் அண்ட் பிளட்’ வாங்கினால் கதை முடிந்துவிடுமாம். 2018இல் வந்த அந்தப் புத்தகம் டெனேரிஸின் முன்னோர்களுடைய வரலாறு, இந்தக் கதை தொடங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நின்றுவிடும். அதற்கும் இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை.