இன்னொரு பாலமா, கோச்சியா?

வத்தளைப் பக்கம் வீடு, கொழும்பு புறக்கோட்டைக் கடைவீதியில் வேலை, நடுவில் களனி கங்கை. பல வருஷம் மோட்டார் சைக்கிளில்தான் போய் வந்தேன். 2022இல் பெட்ரோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்து அலுத்துப்போய், வேறு வழியில்லாமல் ஹுணுப்பிட்டியவில் கோச்சி, அதாவது ரயில், ஏறினேன். பெட்ரோலை அளந்து கொடுக்கும் க்யூஆர் கோட்டா வந்தது, பிறகு அதுவும் போனது. நான் மட்டும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பவில்லை. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே விளங்கியிருக்கும்.

கங்கைக்குக் குறுக்கே இன்னும் இரண்டு பாலம் போட்டால் நெரிசல் தீரும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பாலத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தில் ஆறு தடங்கள். கட்டுநாயக்காவிலிருந்து அதிவேகப் பாதையில் வருகிறவர்களுக்கும் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளுக்கும் அது பெரிய ஆறுதல்.

சரி, அந்தப் பாலம் நம்மை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது? ஒரு கை ஒருகொடவத்தைக்கு, இன்னொரு கை இங்குருகடைச் சந்திக்கு. அங்கிருந்து புறக்கோட்டைக்குப் பழைய வீதிகள்தான். இரு பக்கமும் கடை, நடுவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் கைவண்டி, ஓரத்தில் சாமான் இறக்கும் லொறி. அகலப்படுத்த இடம் ஏது? பேலியகொடையில் நின்ற வரிசை கங்கையைத் தாண்டி கொழும்புக் கரையில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். தம்பி காரில் வருகிறான். பாலத்தைச் சில நிமிஷத்தில் கடந்துவிடுவான். அப்புறம் காரை நிறுத்த இடம் தேடி அரை மணித்தியாலம் சுற்றுவான். இன்னொரு பாலம் போட்டால் இன்னும் நாலு தம்பிமார் சேர்ந்து சுற்றுவார்கள்.

கோச்சியும் அதே கங்கையைத்தான் கடக்கிறது, களனிக்கும் தெமட்டகொடைக்கும் நடுவில். ஆனால் கோட்டை ஸ்டேஷனில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடும். நிறுத்த இடம் கேட்காது. ஸ்டேஷனிலிருந்து என் கடைக்குப் பத்து நிமிஷ நடை. காலையில் வாசலில் தொங்கிக்கொண்டுதான் வருகிறோம், மழை நாளில் அது கொடுமை. வேலைநிறுத்தம் என்றால் அன்றைக்குப் பஸ்தான்.

நகரத்துக்கு வெளியே போடும் பாலத்தின் கதை வேறு. கடுவெலவிலிருந்து கடவத்தைக்கு 2015இல் திறந்த வெளிவட்ட அதிவேகப் பாதையும் களனி கங்கையைக் கடக்கிறது. கண்டி வீதியிலிருந்து காலிக்குப் போகிறவர் கொழும்புக்குள் வரவே தேவையில்லை. அப்படி வாகனத்தை வெளியே திருப்பிவிடும் பாலம் என்றால் நானும் கைதூக்குவேன்.

கொழும்புக்குக் கிழக்கே மாலபே பக்கத்தாருக்குக் கோச்சியில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அங்கே ரயில் பாதையே கிடையாது; கோட்டைக்குப் போடவிருந்த இலகு ரயிலும் 2020இல் கைவிடப்பட்டது. அந்த வீதியில் தினமும் அல்லாடியவனும் அல்ல நான். வடக்குப் பக்கம்தான் என் அனுபவம்.

இங்கேயும் ஒரு குறை இருக்கிறது. வீட்டுப் பக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நேர் பஸ் இல்லை. மாதம் முழுக்க சீசன் டிக்கெட்டுக்குக் கொடுப்பதைவிட த்ரீவீல்காரருக்குத்தான் அதிகம் கொடுக்கிறேன். அடுத்த பாலத்துக்கென்று ஒதுக்கும் காசில் ஒரு துளி போதும், ஹுணுப்பிட்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு பஸ் விடலாம்.