கோவைப் பக்கம் முதியோர் இல்லம் தேடுபவர்களுக்கு: ரசீதையும் ராத்திரி ஆளையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் ஒரு குடும்பம் ஏமாந்த விவரம் இது. இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே வழியில் பணம் பறிக்கும் இடங்கள் வேறு ஊர்களிலும் உண்டு என்பதால், எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

அந்தக் குடும்பத்து ஆத்தாவுக்கு எழுபது கடந்த வயது. சர்க்கரை உண்டு, நடமாட்டம் இருந்தது. பிள்ளைகள் வெளியூரில். சேர்க்கும்போது 3 லட்சம் "திரும்பக் கிடைக்கிற டெபாசிட்டுங்க" என்றார்கள். மாதம் 28,000 ரூபாய், "எல்லாம் அதுலயே அடக்கம்" என்றார்கள். சில மாதத்தில் ஆத்தா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து திரும்பினார். அடுத்த பில் 49,000. நர்சிங் கட்டணம் நாளுக்கு 300 வீதம் 9,000. டயப்பர் நாளுக்கு நான்கு, ஒன்று 60 ரூபாய் வீதம் 7,200. பிசியோதெரபி 12 முறைக்கு 4,800. சேர்ந்த நாளில் இந்தக் கட்டணப் பட்டியலை யாரும் காட்டவில்லை. பிறகு வால் எலும்பில் படுக்கைப்புண் வந்தது. அது ஆழமானதும், "படுத்த படுக்கையானவங்கள நாங்க வச்சுக்கறதில்லீங்க, கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்கள். டெபாசிட்டைக் கேட்டால், "அது டிரஸ்டுக்கு நீங்க கொடுத்த நன்கொடைங்க" என்று பதில். ரசீதை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.

இந்த ரசீதுதான் முதல் பொறி. கையெழுத்துப் போடும் முன் அதில் "திருப்பித் தரத்தக்க காப்புத்தொகை" என்று இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாளுக்குள் திருப்புவார்கள், எதற்கெல்லாம் எவ்வளவு கழிப்பார்கள், முதியவர் இறந்துவிட்டால் யார் கணக்குக்குப் போகும் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் வேண்டும். பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்பி, குறிப்பில் "டெபாசிட்" என்று எழுதுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் டெபாசிட்டை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ஆகவே ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இன்னொன்று: வருமான வரிச் சட்டத்தின்கீழ் அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற இல்லம், 60 வயது கடந்தவரிடம் தங்கல், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி கிடையாது. டிரஸ்ட் என்று சொல்லி நன்கொடை வாங்கிக்கொண்டு, அந்த வரம்புக்குள் இருக்கும் பில்லிலும் வரி போட்டால் கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் கொடியது. விளம்பரத்தில் காட்டுவதெல்லாம் நடக்கிற முதியவர்களை. தோட்டத்தில் உலாத்துகிறார்கள், வேனில் பேரூருக்கும் மருதமலைக்கும் போய் வருகிறார்கள். நீங்கள் விசாரிக்க வேண்டியது அவர் விழுந்த பிறகு என்ன என்பதை. படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியே அனுப்புவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னது இதுதானே" என்று அனுப்பிப் பதிலை வாங்கி வைப்பதும் பின்னால் சாட்சியாகும். டயப்பர், டியூப், கையுறை ஆகியவற்றை வெளியே வாங்கித் தர அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களுக்குப் பில் வீங்குவது அங்கேதான்.

படுக்கைப்புண் தானாக வருவதில்லை. தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை நான்கு தடவை. ஒருவரைப் புரட்டி, டயப்பர் பார்த்து, துடைத்துவிடப் பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு படுக்கை நோயாளிகள் இருந்தால் ஒரு சுற்றுக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். ராத்திரி ஒரே ஆள் என்றால் அவர் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. கனத்த உடம்பென்றால் இரண்டு பேர் வேண்டும். ஆக, "எத்தனை ஸ்டாஃப்?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி பதினோரு மணிக்கு இந்த மாடியில் விழித்திருப்பவர் எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். புரட்டிய நேரம் எழுதும் தாள் கட்டிலருகே இருக்க வேண்டும். அதில் ஒரு வாரத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, இடைவெளியே இல்லாமல் சரியாக 2, 4, 6 என்றிருந்தால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம்.

போகும்போதெல்லாம் போர்வையை விலக்கிக் குதிகால், இடுப்பின் இருபுறம், வால் எலும்பு மூன்றையும் நீங்களே பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் நிறம் தெரியாது. தொட்டால் சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். மூக்கு டியூப் வழியாக உணவு கொடுக்கிறவர்கள் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கிறார்களா என்று பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தால் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மறதி நோய் உள்ளவர் சத்தம் போடாமல் இருக்க மயக்கும் மருந்தைக் கூட்டுவது நடக்கிறது. உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் மருந்து மாற்றக் கூடாது என்பதை எழுதி வாங்குங்கள். கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தால் உடனே போட்டோ எடுங்கள்.

சாப்பாட்டில் ருசியை விட நேரம் பெரிது. பல இடங்களில் சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஆறு மணிக்கே ராத்திரி இட்லியை முடித்துவிடுகிறார்கள். மறுநாள் காலை எட்டு வரை 14 மணி நேரம் வயிறு காலி. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் விடியற்காலையில் சர்க்கரை இறங்கி மயக்கம் வர இதுவே போதும். படுக்கும் முன் பால், பிஸ்கட் ஏதாவது உண்டா என்று விசாரியுங்கள். அரிசிம்பருப்பும் சந்தகையும் ராகிக் களியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு வேறு பக்குவம் இறங்காமல் போய் உடம்பு இளைப்பதும் உண்டு. மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதச் சொல்லுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, மலைக்காட்சிக்கு விலை கொடுக்காதீர்கள். தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, காரமடைப் பக்கத்து அடிவாரங்களில் ராத்திரி யானை நடமாட்டம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று மூச்சிளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இல்லத்திலிருந்து அங்கே ராத்திரியில் எத்தனை நிமிடம் என்று ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் போன்ற ஊர்களில் கட்டடம் சாதாரணமாக இருந்தாலும், ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வாரத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்ப்பார்கள் என்றால் அதுவே பெரிய பாதுகாப்பு. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வரும் கட்டிலைத்தான் ஊழியர்கள் அதிகம் கவனிக்கிறார்கள். பார்வையாளர் நேரம் ஞாயிறு மட்டும் என்று சொல்லும் இல்லத்தை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சேர்க்கும் முன் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் அந்த இல்லம் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். சொத்தை எழுதி வைத்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. யாருக்கு எழுதினாலும் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007 ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது, அந்த நிபந்தனை இல்லையென்றால் கோட்டாட்சியர் முன் வழக்கு பலவீனமாகும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், டெபாசிட்டைத் திருப்பக் கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். வாய்ச்சண்டை கோர்ட்டில் நிற்காது. புண்ணை நாளோடு போட்டோ எடுத்து, வேறு டாக்டரிடம் காட்டி எழுத்தில் குறிப்பு வாங்குங்கள். உதவிக்கு மூத்த குடிமக்கள் எண் 14567, நுகர்வோர் உதவிக்கு 1915. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல், பில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ரசீதில் "நன்கொடை" என்றே இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். விளம்பரத்திலும் வாட்ஸ்அப்பிலும் "டெபாசிட்" என்று இருந்தால், ஆணையத்தில் முதலில் அதை எடுத்து வையுங்கள்.