பெரிய கல்லா, கட்டைவிரல் கல்லா, கடுகுக் கல்லா?

கனிமம் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எந்தக் கல் வாங்கலாம்’ என்றுதான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது அளவு. இந்தப் பொழுதுபோக்கில் ஆட்கள் அணி பிரிவதே அளவை வைத்துத்தான். பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் கேபினட். ஒரு அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கினால் தம்ப்நெயில், அதாவது கட்டைவிரல் கல். நுண்ணோக்கி இல்லாமல் ரசிக்கவே முடியாது என்றால் மைக்ரோமவுன்ட், அதாவது கடுகுக் கல். நடுவில் மினியேச்சர், சிறு கேபினட் என்று படிகள் உண்டு. அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய டூசான் கனிமக் கண்காட்சியில் போட்டிக்கு வைப்பதுகூட அளவுப் பிரிவுகளின்படிதான்.

இந்தியாவில் இருப்பவருக்குக் கேபினட் மேல் ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியபோது, உள்ளே மாட்டிய வாயு பொந்து பொந்தாக இடம் விட்டுப் போனது. அந்தப் பொந்துகளில் பிற்பாடு நீர் புகுந்து வளர்த்தவைதான் ஸ்டில்பைட், ஹியூலாண்டைட், ஸ்கோலசைட், அப்போஃபிலைட் எல்லாம். (கடைக்காரர் அப்போஃபிலைட்டையும் மற்றவை சேர்ந்த சீயோலைட் என்ற கனிமக் குடும்பத்தின் கணக்கில் சேர்ப்பார், அது சீயோலைட் இல்லை.) புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துக் கல்குவாரிகளில் ஜல்லிக்குப் பாறை உடைக்கும்போது இவை வெளியே வருகின்றன. தமிழ்நாட்டுக்கு அந்த யோகம் இல்லை. சேலத்தில் மேக்னசைட் உண்டு, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கொரண்டம் உண்டு. ஆனால் நம்முடையவை பெரும்பாலும் பழைய உருமாறிய பாறைகள். பொந்துக்குள் தனியே நிமிர்ந்து நிற்கும் படிகம் அபூர்வம். ஆகவே நாம் வாங்குகிற கட்சி.

உள்ளங்கையை நிறைக்கும் ஒரு அப்போஃபிலைட் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் பார்த்தால் பிரமாதம். பத்து மடங்கு லென்ஸை வைத்து ஒவ்வொரு முனையாகப் போனால் கதை மாறும். இங்கே ஒரு நுனி மூளி, அங்கே ஓரம் நொறுங்கியிருக்கும், அடியில் ஸ்டில்பைட் பிய்ந்த தழும்பு தெரியும். கல் பெரிதாகப் பெரிதாகப் பழுதில்லாமல் கிடைப்பது அரிது. முழுதாக இருந்தால் விலை எகிறும். அதோடு பெரிய கல்லில்தான் பித்தலாட்டமும் அதிகம். ஒடிந்த படிகத்தை ஒட்டுவது, பஞ்சுருண்டை போன்ற ஓகெனைட்டுக்குச் சாயம் ஏற்றுவது, புனே அருகே வாகோலியின் நீலக் கவன்சைட் உருண்டையை வேறொரு தாய்ப்பாறையில் (படிகம் வளர்ந்து நிற்கும் அடிப்பாறை) பதித்து விற்பது எல்லாம் பழைய வித்தைகள். இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் சில பசைகள் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பசையும் அல்ல. இதையெல்லாம் மீறி அலமாரியில் வைத்தால் தூசு. ஸ்கோலசைட்டின் ஊசிக் கொத்தை யாராவது துடைக்கத் துணிவார்களா?

தம்ப்நெயிலின் அழகு அதன் கறார்த்தனம். ஒரு அங்குலத்துக்குள் படிகம் முழுமையாக இருக்க வேண்டும், தாய்ப்பாறை அளவோடு இருக்க வேண்டும், நிற்கும் கோணமும் சரியாக அமைய வேண்டும். ஒரு நுனி உடைந்தாலும் ஒளித்துவைக்க இடமில்லை. அடியில் நுரை வைத்த சிறிய பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்த்தி, கீழே லேபிள் ஒட்டிவிட்டால் நூறு கல்லும் ஒரு மேசை இழுப்பறையில் முடிந்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. குறை ஒன்று: உலகத் தரத்துத் தம்ப்நெயில் சின்னதாக இருக்கிறதே என்று மலிவாகக் கிடைத்துவிடாது.

மைக்ரோமவுன்ட் வேறு உலகம். அதே கவன்சைட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், உருண்டை என்று நினைத்தது நடுவிலிருந்து விரியும் நீலத் தகடுகளின் கூட்டம் என்று தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் தனி மினுக்கு. கறுப்பு அடித்த தக்கைத் துண்டின் முனையில் ஒரு பொட்டு பசை, அதன்மேல் துணுக்கு, சுற்றிலும் உள்பக்கம் கறுத்த பெட்டி. அவ்வளவுதான் வேலை, ஆனால் கை நடுங்கக் கூடாது.

எண்ணிக்கையில் இதை யாரும் வெல்ல முடியாது. சர்வதேசக் கனிமவியல் சங்கம் ஏற்ற கனிமங்கள் இன்று 6000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை வெறுங்கண்ணால் ரசிக்கும் அளவுக்கு வளர்வதே இல்லை. ஜெர்மனியின் ஐஃபல் எரிமலைப் பகுதி, கனடாவின் மோன் சான்-ஹிலேர், பண்டைய கிரேக்கர் ஈயம் உருக்கிக் கொட்டிய கசடில் கடல்நீர் பட்டுப் புதுக் கனிமங்கள் முளைத்த லாவ்ரியோ... இந்த இடங்களின் செல்வம் முக்கால்வாசி நுண்படிகங்களில்தான். போலி செய்தாலும் கட்டுப்படியாகாது என்பதால் ஏமாற்றும் குறைவு. பெயரைத் தப்பாக எழுதியிருப்பதுதான் இங்கே ஆபத்து.

ஆட்களின் சுபாவமும் வேறு. பெரிய கல் வட்டாரத்தில் பேச்சு விலையில் போய் முடியும். மைக்ரோமவுன்ட்காரர்கள் கூடும் இடத்தில் இலவசமாக எடுத்துப்போக ஒரு மேசையே கிடக்கும். கேட்பதெல்லாம் கிடைத்த இடத்தின் பெயரை விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்வதுதான். ஜோலியன் ரால்ஃப் 1993-இல் சொந்தக் கணக்காக ஆரம்பித்து 2000-இல் இணையத்தில் வைத்த மைண்டாட் என்ற கனிமத் தரவுத்தளம் இன்று எல்லோருக்கும் அகராதி மாதிரி ஆனதற்குக் காரணமும் இந்த இடப்பெயர்ப் பித்துதான்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் மார்கசைட் பொடிந்து அமிலம் விடும், சில பைரைட்டும் அப்படியே. உப்புப் படிகம் கசியும். சிவந்த ரியல்கர் வெளிச்சம் பட்டே மஞ்சள் தூளாகும். சிறிய கல்லை சிலிகா ஜெல்லோடு மூடி இருட்டில் வைத்துவிடலாம். பெரியதைக் காட்சிக்கு வைக்காமல் பூட்டிவைக்கவா வாங்கினீர்கள்?

என் ஓட்டு கடுகுக் கல்லுக்கு. வீட்டில் நாலு பேர் வந்து பார்க்க வேண்டும் என்றால் தம்ப்நெயில். கேபினட் ஆசை தீரவில்லை என்றால் நாசிக் பக்கம் சின்னரில் இருக்கும் கார்கோட்டி அருங்காட்சியகத்துக்குப் போய் ஆசை தீரப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நுண்ணோக்கி வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஆயிரம் மடங்கு என்று விளம்பரப்படுத்தும் உயிரியல் நுண்ணோக்கி வேண்டாம். அதில் வெளிச்சம் கீழிருந்து வரும், கல் அதை மறைத்துக் கறுப்பாக நிற்கும். மேலிருந்து ஒளி விழும், இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ வகை, 10 முதல் 40 மடங்கு போதும். ஒரு நடுத்தர செல்போன் விலையில் முடியும்.